ஜீப்காரர் கொண்டுவந்த செடி

கர்ட்டன் அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு நடுவே தொங்கும் பச்சைத் திரை, ஓட்டல் ஜன்னலின் கனத்த திரை, சோபா உறை, மெத்தை உறை என்று நேர்கோட்டில் தைக்க வேண்டியது எதுவானாலும் அவளிடம்தான் வரும். சட்டை, பாவாடை என்று யாராவது துணியை நீட்டினால் கையைக் கட்டிக்கொள்வாள். "மனுஷங்களுக்குத் தைச்சா ஆயிரம் நொட்டை சொல்லுவாங்க. ஜன்னலுக்கு வாய் கிடையாது" என்பாள். மனுஷர்களில் ஒரே ஒருவருக்குத்தான் அவள் சட்டை தைத்திருக்கிறாள். அவர் அவளுடைய வீட்டுக்காரர்.

அவர் ரோடு போடுவதற்கு முன்னால் இடத்தை அளக்கும் கம்பெனியில் ஜீப் ஓட்டினார். ஆளைவிட வண்டிக்குப் பெயர் அதிகம். அதனால் அவரும் ஜீப்காரர் ஆகிவிட்டார். அளக்கிறவர்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு போவார், பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தாடியும் சேறுமாக வந்து நிற்பார். வரும்போது வெறுங்கையோடு வந்ததே இல்லை. ஒரு தடவை மின்னுகிற கல், ஒரு தடவை காட்டுத் தேன். கடைசியாக ஒரு பால்பவுடர் டப்பாவில் ஒரு செடி.

"போன மச்சான் திரும்பி வந்தான் பூ மணத்தோட!" என்று தனக்குத்தானே கட்டியம் கூறிக்கொண்டு படியேறி வந்தார்.

"பூ எங்க இருக்கு? வெறும் இலையால்ல இருக்கு" என்றாள் அவள்.

"கொஞ்சம் பொறு. பாறை இடுக்குல தலைகீழா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கீழ நின்னு அண்ணாந்து பாக்கிறவனுக்குத்தான் அந்தப் பூ."

அவர் சொன்னதன் அர்த்தம் அந்த மழைக்காலத்தின் கடைசியில் புரிந்தது. சின்ன மணி மாதிரி ஏழெட்டுப் பூக்கள் குனிந்து தொங்கின. மேலிருந்து பார்த்தால் சாம்பல் நிறம், பார்க்கிறதுக்கே ஒன்றுமில்லை. ஒற்றை விரலால் தாடையைப் பிடித்துத் தூக்குவதுபோல் தூக்கிப் பார்த்தால் உள்ளே கறுத்த சிவப்பு, காய்ந்த ரத்தத்தின் நிறம். வெயில் தாழ்ந்ததும் மணம் வரும். கருகப்போகிற சர்க்கரையின் மணம்.

"ஒத்தையா நிக்குது பாவம். இதுக்கு ஒரு ஜோடி கொண்டாந்து வச்சிடணும்" என்றார் ஜீப்காரர். பேச்சோடு பேச்சாகச் சொன்னது. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பூ உதிர்ந்து முடிந்த வாரம், ஓய்ந்த மழை திரும்பவும் பிடித்துக்கொண்டபோது, கம்பெனியில் லீவு சொன்னார். ஜீப் ஷெட்டில் நின்றது. காலையில் தோள்பையை மாட்டிக்கொண்டு, "ஒரு இடம் வரைக்கும் போயிட்டு நாளைக்கு வந்துடறேன்" என்றார். எங்கே என்று அவள் கேட்டதற்கு, "வந்து சொல்றேன்" என்று சிரித்தார். வரவே இல்லை.

மகன் அப்போது கூட்டல் கணக்குப் படிக்கிற வயசு. அவனைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் கம்பெனிக்கும் போலீசுக்கும் அலைந்தாள். செடி எடுக்கப் போயிருப்பாரோ என்று ஒரு சந்தேகம் அவளுக்கு இருந்தது. அதைச் சொன்னபோது எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவை மூடினார். "ஏம்மா, வேலைக்கு லீவு போட்டுட்டு, வீட்ல எடம் சொல்லாம, மழையில ஒருத்தன் செடி புடுங்கவா போவான்?" பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். மலை என்றாலும் எந்த மலை? அவர் ஜீப் ஓட்டாத மலையே அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வேறொரு ஊர் பஸ் ஸ்டாண்டில் அவரை ஒரு பெண்ணோடு பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அதற்குக் கை கால் முளைத்தது. பெண்ணின் புடவை நிறம்கூடச் சொன்னார்கள். "வீட்ல நிம்மதி இருந்திருந்தா என் தம்பி ஏன் போறான்?" என்று நாத்தனார் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனாள், அதோடு வரத்துப்போக்கு நின்றது. மகன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தான். மீசை அரும்பியபோது அப்பா என்ற சொல் அவன் வாயிலிருந்து உதிர்ந்துவிட்டது. "அந்தாளு" என்பான். அவள் கண்டிக்கவில்லை. சில நாள் அவளுக்கே அந்தப் புடவை நிறம் கண்ணில் வந்து போகும்.

ஆனால் செடியை அவள் தூக்கிப் போடவில்லை. டப்பா துருப்பிடித்ததும் மண்கட்டி உடையாமல் அப்படியே எடுத்துத் தொட்டியில் இறக்கினாள். தையல் மெஷினுக்கு இடது கைப்பக்கம் ஜன்னல் திட்டில் அது இருந்தது. வருஷம் தவறாமல் மழை ஓய்கிற சமயம் பூத்தது. ஒரு தடவைகூடக் காய் பிடிக்கவில்லை.

அது பூக்கிற நாட்களில்தான் அந்தச் சத்தம் வரும்.

ஜீப்காரருக்குப் படி ஏறும்போது வண்டிச் சாவியால் மாடிப்படியின் இரும்புக் கம்பியைத் தட்டிக்கொண்டே வருகிற பழக்கம். டிங், டிங் என்று, ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் நிறுத்தி. விளக்கு வைக்கிற நேரம், தெருவில் ஆட்டோ சத்தமும் பிள்ளைகள் கூச்சலும் இருக்கும்போதே, அது தனியாகக் கேட்கும். முதல் வருஷம் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். படியில் யாரும் இல்லை. கீழ்வீட்டு மாமி வாளியோடு நின்றாள். "யாராச்சும் ஏறி வந்தாங்களா மாமி?" "இல்லையேம்மா." அடுத்த வருஷமும் திறந்தாள். பிறகு மெஷினை மட்டும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பாள். சத்தம் அவர்கள் வீட்டு வாசல் வரைக்கும் வரும். அதற்குமேல் வராது. பூ உதிர்ந்தால் சத்தமும் நின்றுவிடும்.

யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் ஓடிப்போனவள் என்ற பேரோடு கிறுக்கி என்ற பேரையும் வாங்கிக்கொள்வானேன்?

மகன் செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட பிறகு ஒரு வருஷம் செடியின் அடித்தண்டு கறுக்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் அழுகின வாழைப்பழம் மாதிரி அமுங்கியது. அன்று தைத்த திரை கோணலாகப் போனது. அவள் கையில் அப்படி நடந்ததே இல்லை. மறுநாள் தொட்டியைக் கூடையில் வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு அரசாங்கத் தோட்டத்துக்குப் போனாள். நோய்ப்பட்ட செடிகளைப் பார்த்து மருந்து சொல்ல அங்கே ஓர் அறை இருந்தது.

அந்த அறை ஆபீசரம்மாவுக்கு ஓயாத ஜலதோஷம். மேஜையில் பூதக்கண்ணாடியைவிடக் கைக்குட்டைகள்தான் அதிகம். தண்டைப் பார்த்ததும், "வேர் போயிடுச்சு. மேல இருக்கிற நல்ல கிளையை வெட்டி நட்டுப் பொழைக்க வைக்கலாம்" என்றாள். பிறகு இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பினாள். வெள்ளி மாதிரி மயிர். அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பூ எப்படி இருக்கும்?"

சொன்னாள்.

"மணம்? எனக்கு மூக்கு செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. நீங்கதான் சொல்லணும்."

"சர்க்கரை கருகறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வருமே, அது."

ஆபீசரம்மா எழுந்துபோய்க் கண்ணாடி வீட்டிலிருந்து ஒரு தொட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அதே இலை, அதே வெள்ளி. கர்ட்டன் அக்கா தன் தொட்டியைக் கைக்குள் இழுத்துக்கொண்டாள். தன்னுடையது மட்டுமே என்று நினைத்திருந்த முகத்தை இன்னொருத்தி கழுத்தின் மேல் பார்த்ததுபோல் இருந்தது.

"இந்தச் செடி காட்டுல இப்ப இல்லைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம். எந்தக் காலத்துலயோ ஒருத்தர் ஒரே ஒரு செடி எடுத்துட்டு வந்தாரு. அதோட கிளையை வெட்டி, அந்தக் கிளையோட கிளையை வெட்டி, தோட்டம் தோட்டமா வச்சிருக்கோம். எல்லாம் அழகுக்கு வளக்கிறதுதான். ஒண்ணும் காய்க்காது. உங்களுக்கு யாரோ தோட்டத்துலேர்ந்து ஒரு கிளை ஒடிச்சுக் குடுத்திருக்காங்க."

"தோட்டத்துலேர்ந்து இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் பாறையிலேர்ந்து எடுத்துட்டு வந்தாரு."

ஆபீசரம்மா மரியாதைக்குத் தலையாட்டினாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. கிளைகளை வெட்டி மணலில் நட்டு வைத்துக்கொண்டு, வேர் பிடித்ததும் சொல்கிறேன் என்று அனுப்பினாள். பழைய வேரும் மண்ணும் தோட்டத்திலேயே தங்கிவிட்டன.

மழை முடிகிற சமயம் ஆபீசரம்மா போன் செய்தாள். குரலில் ஜலதோஷம் இல்லை, வேறென்னவோ இருந்தது. "கொஞ்சம் வர முடியுமா? உங்க கிளை பூத்திருக்கு."

இரண்டு பூக்களைப் பிளந்து வெள்ளைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். தோட்டத்துப் பூவில் நடுத்தண்டு நீண்டு, ஊசிபோல் வெளியே எட்டிப் பார்த்தது. ஜன்னல் திட்டுப் பூவில் அது குட்டை. மகரந்தம் மேலே, தண்டு அதற்குக் கீழே ஒளிந்திருந்தது.

"இந்த ஜாதியில ரெண்டு வகை உண்டு. நெட்டையும் குட்டையும் சேர்ந்தாத்தான் காய். எங்ககிட்ட இருக்கிறது எல்லாமே நெட்டை, ஏன்னா எல்லாம் ஒரே செடி. குட்டை இருந்திருக்கணும்னு தெரியும், யாரும் கண்ணால பாத்ததில்ல." ஆபீசரம்மா கைக்குட்டையைக் கசக்கினாள். "நான் உங்களை நம்பாம இருந்துட்டேன். இது காட்டுலேர்ந்துதான் வந்திருக்கு. சொல்லுங்க, அவர் எங்கேர்ந்து எடுத்தாரு?"

"அதைத்தான் நானும் இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள் கர்ட்டன் அக்கா.

அங்கேயே, அந்தக் கைக்குட்டைகளுக்கு நடுவே, அவள் எல்லாவற்றையும் சொன்னாள். படியில் கேட்கும் சத்தத்தைத் தவிர எல்லாவற்றையும். கேட்டு முடித்ததும் ஆபீசரம்மா எழுந்து போய், காய வைத்திருந்த பழைய மண்கட்டியைக் கொண்டுவந்து மேஜையில் உதிர்த்தாள். வேருக்குள் விரல்நகம் அளவில் கறுப்புக் கல் சில்லுகள், ஏடு ஏடாக, வெளிச்சத்தில் மின்னின. ஜீப்காரர் ஒரு தடவை கொண்டுவந்த கல்லின் ஜாதி.

"இந்தக் கல்லு எல்லா மலையிலயும் கிடைக்காது. அவரோட வேலை பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

இருந்தார். அளவெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த சர்வேயர். காது மந்தம். கல்லை உள்ளங்கையில் வைத்ததும் டிவியை அணைத்தார்.

"இது தெரியுமே. ரோடு முடியிற எடத்துக்கு மேல ஒரு பள்ளத்தாக்கு. அந்த வழியா ரோட்டை நீட்டலாம்னு அளந்தோம். கல்லு ஏடு ஏடா வழுக்குது, மலையே கீழ இறங்கிக்கிட்டு இருக்கு, வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டோம். நாங்க சோறு திங்க உக்காந்தா ஜீப்காரர் மட்டும் பாறையை அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பார்." சற்று நிறுத்தினார். "நாங்க வந்த அந்த மழையிலயே ஒரு பக்கம் மொத்தமா சரிஞ்சு விழுந்துச்சு. ஆள் நடமாட்டமில்லாத எடம்கிறதால சேதம் ஒண்ணுமில்லைன்னு பேப்பர்ல போட்டிருந்தான்."

சொன்ன பிறகுதான் தான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

மகனிடம் சொன்னபோது அவன் எடுத்த எடுப்பில் கத்தினான். "எவனோ ஒரு கெழவன் சொன்னான்னு மலை ஏறப் போறியா? அந்தாளு எங்கயோ சொகமா இருக்கான்மா!"

"இருக்கட்டும். நீ வர்றியா, வரலையா?"

வந்தான். ஆபீசரம்மாவும் வந்தாள். விடிந்ததும் கிளம்பிய பஸ் வளைவு வளைவாக ஏறியது. பாதி வழியில் ஆபீசரம்மா தூங்கிப்போனாள். மகன் வெளியே பார்த்துக்கொண்டே திடீரென்று சொன்னான். "எனக்கும் கேக்கும்மா."

"என்னது?"

"படியில. சாவி தட்டுற சத்தம். நீ மெஷினை நிறுத்துவ இல்ல, அப்பல்லாம் எனக்கும் கேக்கும். நீ பயந்துக்குவன்னு சொல்லல."

அவன் சின்ன வயசில் செய்ததுபோல் அவள் புடவை முந்தானையின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மலை உச்சி கண்ணில் படும்வரை அதை விடவில்லை.

ரோடு முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை. கடைக்காரம்மா டீ ஆற்றிக் கொடுத்தாள். கலக்குவதற்கு ஸ்பூன் எடுக்கக் கை நீட்டிய கர்ட்டன் அக்கா அப்படியே நின்றுவிட்டாள். கழுவிய ஸ்பூன்கள் ஒரு பால்பவுடர் டப்பாவில் நின்றிருந்தன. டப்பாவின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இந்த டப்பா ஏதும்மா?"

"அதுவா? எவரோ ஒருத்தர் விட்டுட்டுப் போனது. சீனி போட்டு வைக்கலாம்னு பாத்தா அடியில ஓட்டை. ஸ்பூனைத் தண்ணி வடிய வைக்கத்தான் லாயக்கு."

ஸ்பூன்களைக் கொட்டிவிட்டு டப்பாவைக் கவிழ்த்தாள். நடுவில் ஒரு ஓட்டை, சுற்றிலும் வட்டமாக ஓட்டைகள், ஆணியால் உள்ளேயிருந்து வெளியே அடித்தது. வெளியேயிருந்து அடித்தால் விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டு வேரைக் கிழிக்கும் என்பது ஜீப்காரரின் கணக்கு. ஊரில் மற்றவர்களெல்லாம் வெளியேயிருந்துதான் அடிப்பார்கள்.

கடைக்காரம்மாவுக்கு ஆள் முகம் மறந்துபோயிருந்தது. ஆனால் அந்த நாள் மறக்கவில்லை. "ஒரு பையைக் குடுத்து, 'அக்கா, பாத்துக்குங்க, சாயங்கால பஸ்ஸுக்கு எறங்கிடுவேன்'னாரு. பைக்குள்ள ரெண்டு டப்பா இருந்துச்சு, ஒண்ணைக் கையில எடுத்துக்கிட்டு மேல போனாரு. மழை ஊத்துச்சு. மதியத்துக்கு மேல எங்கயோ பெரிய சத்தம், கடையே குலுங்குச்சு. அன்னைக்கு பஸ் வரலை. அப்புறம் ரொம்ப நாளைக்கு வரலை, ரோடு அடைச்சுப்போச்சு. அந்தப் பக்கமா எறங்கி ஊர் போய்ச் சேந்திருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேன்." கைகளை முந்தானையில் துடைத்தாள். "பையை வருஷக்கணக்கா மாட்டி வச்சிருந்தேம்மா. எலி கடிச்சிடுச்சு. உள்ள ஒரு சட்டை இருந்துச்சு. அதை... அடுப்பு துடைக்க எடுத்துட்டேன்."

"பரவாயில்லம்மா. நல்லாத் துடைச்சுதா?" என்றாள் கர்ட்டன் அக்கா. கேட்ட பிறகு அவளுக்கே அந்தக் கேள்வி விநோதமாக இருந்தது.

மகன் டப்பாவை வாங்கி, அந்த ஓட்டைகளில் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தான். பிறகு கடைக்குப் பின்னால் போய்விட்டான். அவன் அழுகிற சத்தம் தகரத்தின் வழியாகக் கேட்டது. மூன்று பெண்களும் கேட்காததுபோல் டீயைக் குடித்தார்கள்.

பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் முழுக்கப் புல் மூடிய சரிவாக இருந்தது. பச்சையாக, மெத்தை உறைபோல் வழவழவென்று, பார்க்க அழகாகவே இருந்தது. அதற்கு அடியில் ஒரு மலைச்சுவரே கிடந்தது. ஆபீசரம்மா தொலைநோக்கிக் கண்ணாடியால் எதிர்ப்பக்கத்துப் பாறைகளை அங்குலம் அங்குலமாகத் தேடினாள். ஒரு செடிகூட இல்லை. "இந்தப் பக்கம்தான் இருந்திருக்கு. எல்லாமே இதோட போயிடுச்சு" என்றாள். செடியைப் பற்றித்தான் சொன்னாள். தோண்டிப் பார்க்க வழியில்லை என்பதைக் கண்ணே சொன்னது.

கர்ட்டன் அக்கா சரிவின் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையைப் புல்லின் மேல் வைத்திருந்தாள். ஓடிப்போகவில்லை. ஒருத்தியோடும் போகவில்லை. மகன் கூட்டல் கணக்குப் போட்ட நாளிலிருந்து இன்று வரைக்கும் இந்த ஒரே இடத்தில்தான் இருந்திருக்கிறார். நிம்மதி வரவேண்டும். வந்தது, ஆனால் அதன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பயமும் வந்தது. அப்படியென்றால் வருஷா வருஷம் படியேறி வந்தது யார்?

ஊர் திரும்பியதும் மகன் தன் அத்தை வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். நாத்தனார் அன்று சாயங்காலமே வந்து, உள்ளே வராமல் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். "உள்ள வாங்கண்ணி" என்று கர்ட்டன் அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிடவில்லை. தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். சில மன்னிப்புகள் அந்த அளவுக்குத்தான் வரும்.

தோட்டத்தில் வேர்பிடித்த கிளைகளில் ஒன்றை ஆபீசரம்மா திருப்பிக் கொடுத்திருந்தாள். "இது அந்தச் செடியோட குட்டின்னு நெனைக்காதீங்க. அதே செடிதான்" என்றாள். அது மறு மழைக்காலம் அதே ஜன்னல் திட்டில் பூத்தது. விளக்கு வைக்கிற நேரம் கர்ட்டன் அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். மகனும் கடையிலிருந்து சீக்கிரம் வந்து, போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தான்.

டிங். டிங். வளைவில் கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும்.

மகன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் எழுந்து கதவுப் பக்கம் போகவில்லை. மெஷினில் உட்கார்ந்தபடியே, கடைக்குப் போய்விட்டு வருகிறவருக்குச் சொல்வதுபோல், "கதவு தெறந்துதான் இருக்கு" என்றாள். சத்தம் வாசலில் நின்றது. அன்று வெகுநேரம் நின்றது.

தோட்டத்தில் நெட்டைப் பூவின் மேல் குட்டைப் பூவின் மகரந்தத்தை ஆபீசரம்மா தூரிகையால் தடவியிருந்தாள். காய் பிடித்தது. கடுகைவிடச் சின்ன விதைகள். முளைத்த நாற்றுகளைப் பார்க்கக் கூப்பிட்டபோது கர்ட்டன் அக்கா போனாள். தட்டு நிறைய ஊசிமுனை அளவில் பச்சை.

"கொஞ்சம் பெரிசானதும் அந்தப் பள்ளத்தாக்குல, சரியாத பக்கத்துப் பாறையில கொண்டுபோய் வைக்கலாம்னு இருக்கோம். உங்களுக்குச் சம்மதமா?"

"என் சம்மதம் எதுக்கும்மா? அது இருந்த எடம்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா யாரும் தனியா ஏறக் கூடாது. இடுப்புல கயிறு கட்டணும். மழையில போகக் கூடாது. போறவங்க எல்லாரோட பேரும் கீழ ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும், எத்தனை மணிக்கு எறங்குவாங்கன்னும் தெரிஞ்சிருக்கணும்."

"கீழ யாரு இருப்பாங்க?"

"நான் இருக்கேன்."

அப்படித்தான் நடந்தது. வெயில் அடிக்கிற மாதத்தில் ஆபீசரம்மாவும் தோட்டத்து ஆட்களும் நாற்றுப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு மலை ஏறினார்கள். அவள் கடைக்காரம்மாவின் பெஞ்சில் ரோட்டைப் பார்த்து உட்காரவில்லை, மலையைப் பார்த்து உட்கார்ந்தாள். கையோடு கொண்டுபோயிருந்த ஆஸ்பத்திரித் திரைக்கு வளையம் தைத்துக்கொண்டிருந்தாள். சொன்ன நேரம் தாண்டியது. நிழல் நீண்டது. கடைக்காரம்மா ஏதோ கேட்டாள்; அவள் காதில் விழவில்லை. ஊசி விரலில் ஏறியதும் தெரியவில்லை.

கடைசியில் மேலே பாறை முனையில் ஒரு தலை தெரிந்தது. பிறகு இன்னொன்று. சேறு பூசிய முழங்கால்களோடு, சிரித்துப் பேசிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்தார்கள். அவள் எழுந்து நின்று தலைகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள்.

"இதுதான் எறங்குற நேரமா?" என்று அவள் போட்ட சத்தத்தில் ஆபீசரம்மா உட்பட எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் வரிசையாக நின்றுவிட்டார்கள். "சொன்ன நேரம் என்ன, இப்ப நேரம் என்ன? கீழ ஒருத்தி உக்காந்திருக்கான்னு நெனப்பு வேணாம்? கையைக் கழுவுங்க. டீ ஆறுது."